இலவசக் கட்டில்

2010-இல் ஒரு தகப்பனுக்காக மலாயில் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். ‘துவான்’ என்று தொடங்கி ‘செக்கியான், தெரிமா காசே’ என்று முடிகிற சாதாரணக் கடிதம். நடுவில் இருந்த விஷயம் இது: என் மகனை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, அவன் கெட்ட சகவாசத்தில் விழுந்துகொண்டிருக்கிறான், நீதிமன்றம் அவனைப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். பையனுக்கு வயது 14. அதுவரை அவன் எதையும் திருடியதில்லை. யாரையும் வெட்டியதில்லை.

அப்போது அந்தக் கடிதம் பற்றி எனக்குப் பெரிய சங்கடம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மலாய் நன்றாக வந்திருந்தது.

போன மாதம் ஓர் அம்மா அதே மாதிரிக் கடிதம் கேட்டு வீட்டுக்கு வந்தார். ‘நீங்க எழுதுனா கோர்ட்டுல ஏத்துக்குவாங்கன்னு சொன்னாங்க தம்பி.’ அவர் மகனுக்கு 13. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரியாது. எனக்கே அந்தத் தகப்பன் சொல்லித்தான் தெரியும். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 46-வது பிரிவு. பெற்றோர் தாங்களே எழுத்து மூலமாகச் சிறார் நீதிமன்றத்தை அணுகி, பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு மலாயில் பெயர் ‘தீடாக் தெர்காவால்’. மாஜிஸ்திரேட்டும் இரண்டு ஆலோசகர்களும் உட்கார்ந்து நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்ப்பார்கள். பிள்ளையை அந்த அதிகாரியின் கண்காணிப்பில் வீட்டிலேயே விடலாம், விடுதிக்கு அனுப்பலாம், சமூகநலத்துறை நடத்தும் துனாஸ் பக்தி பள்ளிக்கும் அனுப்பலாம். ஹென்றி கர்னி பள்ளி வேறு. அது சிறைத்துறைக்குக் கீழ் வருவது, குற்றம் நிரூபணமானவர்களுக்கானது. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்து ‘ஹென்றி கர்னி’ என்று சொல்லித்தான் பையன்களை மிரட்டுவோம்.

46-வது பிரிவுக்குக் குற்றம் எதுவும் தேவையில்லை. காதலனோடு ஓடிப்போன மகளுக்காகவும் பெற்றோர் இதே வாசலுக்குப் போயிருக்கிறார்கள். சட்டம் இதைத் தண்டனை என்று சொல்வதில்லை, பாதுகாப்பு என்கிறது. கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள் என்பதைத் தவிர மற்றபடி அது பாதுகாப்புதான்.

அந்தத் தகப்பன் கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா. மாலை 7-லிருந்து காலை 7 வரை வேலை. மனைவி கையுறைத் தொழிற்சாலையில், ஷிப்டு மாறி மாறி வரும். ‘என்னா தம்பி செய்றது? நான் தூங்குற நேரத்துல அவன் வெளிய சுத்துறான். நான் வேலைக்குக் கெளம்புற நேரத்துல உள்ள வர்றான். மூஞ்சியப் பாத்துப் பேசி மாசமாவுது.’ பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தி, மோட்டார் பட்டறை ஒன்றில் பெரிய பையன்களோடு உட்கார ஆரம்பித்திருந்தான். அந்தப் பெரிய பையன்கள் யாருடைய ஆட்கள் என்பது அடுக்குமாடி முழுக்கத் தெரியும். தகப்பனின் அண்ணன் மகன் விசாரணையே இல்லாமல் இரண்டு வருடம் சிம்பாங் ரெங்காம் தடுப்பு முகாமில் இருந்து வந்தவன். அந்தப் பயம் அவருக்கு. ‘போலிஸ் வந்து தூக்குறதுக்கு முன்னாடி நானே குடுத்திர்றேன். அங்கயாச்சும் மூணு வேள சோறு. ஒரு கைவேல கத்துக்குவான்.’

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லோரையும் போல நானும் மனுநீதிச் சோழன் நாடகம் பார்த்து வளர்ந்தவன். கன்றைக் கொன்ற மகன்மேல் தேரை ஓட்டிய அரசன். பெரிய புராணத்தில் ஒரு விஷயம் உண்டு, பள்ளி நாடகத்தில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். அரசன் முதலில் தேரை ஓட்டச் சொன்னது அமைச்சரிடம்தான். அந்த அமைச்சர் அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அன்று ஜாகா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவரைச் சோழனாகவும் என்னை அந்த அமைச்சர் நின்ற இடத்திலும் வைத்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை. இந்தத் தேரின் அடியில் கன்றே இல்லை என்பதும் உறைக்கவில்லை. அவர் நீதி கேட்கவில்லை. தன்னால் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்தில் மகனைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்று கேட்டார். அதற்குத் திறந்திருந்த ஒரே வாசல் நீதிமன்றத்தினுடையது. அதனால் அவருடைய கோரிக்கை குற்றச்சாட்டின் பாஷையில் எழுதப்பட வேண்டியிருந்தது. அந்தப் பாஷை எனக்குத் தெரிந்திருந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பையனை எனக்கு முன்பே தெரியும்.

2006-லிருந்து 2009 வரை எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து டியூஷன் நடத்தினோம். வாரத்துக்கு ஐந்து நாள், மதியம் 2 முதல் இரவு 8 வரை. வாடகை 300 வெள்ளி, மின்சாரம் 60, பிஸ்கட்டும் மைலோவும் 150, பாடம் சொல்லித்தர வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு பெட்ரோல் காசு 200. மாதம் 710 வெள்ளி. 23 பிள்ளைகள். அவன் அதில் ஒருவன். படிப்பு வராது. வாய்ப்பாடு ஏழைத் தாண்டாது. ஆனால் தினமும் இரண்டு மணிக்கு முன்பே வந்து கதவருகே நிற்பான். அறையைக் கூட்டுவான். கேரம் போர்டுக்கு மாவு தடவுவான். ஒருமுறை மின்விசிறி நின்றுபோனபோது மேசைமேல் ஏறி எதையோ நெம்பி ஓடவைத்தான். அவன் படிக்க வரவில்லை, இருக்க வந்தான். அப்போது அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது. நன்கொடை கொடுத்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். வருடக் கடைசியில் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை ‘ஏ’?

சொல்லும்படி ‘ஏ’ இல்லை. ஆதரவு தந்துகொண்டிருந்த செயற்குழு மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பணத்தைக் கலைநிகழ்ச்சிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அறை மளிகைக்கடையின் சரக்கு வைக்கும் இடமாகிவிட்டது. அவன் கொஞ்ச நாள் மூடிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார். பட்டறைக்குப் போனது அதற்குப் பிறகு. அதனால்தான் போனான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அறை இருந்திருந்தாலும் போயிருக்கலாம்.

ஆனால் கணக்கு என்னை விடுவதில்லை. மாதம் 710 வெள்ளி ஆட்டம் கண்டது. அதே பையனுக்கு நீதிமன்றம் ஒரு கட்டில் கொடுத்தபோது, அதற்கு என்ன செலவு என்று நான் கேட்கவில்லை, அவன் அப்பாவும் கேட்கவில்லை, மாஜிஸ்திரேட்டும் கேட்டிருக்கப்போவதில்லை. மூன்று ஷிப்டு வார்டன்கள், சமையல்காரர், வேலி, வேன், வருடம் முழுக்க எரியும் விளக்கு. யாரும் நன்கொடை தேடி அலைய வேண்டியதில்லை. எத்தனை ‘ஏ’ என்று யாரும் கேட்பதுமில்லை. அது வரவுசெலவுத் திட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, நீதி என்ற பெயரில். எங்கள் மின்விசிறிக்கு வந்த காசுக்கு தர்மம் என்று பெயர். தர்மத்தை நினைத்தபோது நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் சட்டமாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே சிறார் சிறைகள் பிதுங்கி வழிந்தன. 2,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். காரணம் பிள்ளைகள் திடீரென்று கெட்டுப்போனது மட்டுமில்லை. ஒரு மாவட்ட நீதிபதி பையனை மாநிலச் சிறைக்கு அனுப்பினால் செலவு மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு ஒரு காசு இல்லை. அதே பையனை ஊரிலேயே வைத்து ஆலோசகர், பயிற்சி, கண்காணிப்பு என்று ஏற்பாடு செய்தால் மாவட்டம் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆக விலை கூடிய கட்டில்தான் இலவசம், மலிவான உதவிக்குத்தான் காசு. கெட்ட மனம் இல்லாத நீதிபதியும் எதைத் தேர்ந்தெடுப்பார்?

1993-இல் ‘ரிக்ளெய்ம் ஓஹாயோ’ என்ற சட்டத்தைக் கொண்டுவந்து இதைத் திருப்பிப் போட்டார்கள். பணத்தை மாவட்டங்களிடமே கொடுத்துவிட்டார்கள். பிள்ளையைச் சிறைக்கு அனுப்பினால் அந்த நாட்களுக்கான செலவில் ஒரு பெரும் பங்கு அதிலிருந்து கழிக்கப்படும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவும் ஊர்ப்பிள்ளைகளுக்கான திட்டங்களுக்கு. கொலை போன்ற கடும் குற்றங்களுக்கு மட்டும் கழிவு இல்லை. எண்ணிக்கை வருடம் வருடமாக இறங்கியது, பின்னாளில் 500 அளவுக்கு வந்தது. எல்லா இறக்கத்துக்கும் இந்த ஒரு சட்டமே காரணம் என்று சொன்னால் பொய்யாகும், அமெரிக்கா முழுக்கவே சிறார் குற்றங்கள் குறைந்த காலம் அது. ஆனாலும் அந்த நீதிபதிகள் அதே நீதிபதிகள்தான். கட்டிலுக்கு ஒரு விலை எழுதி ஒட்டியதும் அவர்களுக்கு வேறு வழிகள் கண்ணில் பட ஆரம்பித்தன.

கலிபோர்னியா இன்னும் தூரம் போனது. ஒரு பிள்ளைக்கு வருடம் 3 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துவந்த மாநிலச் சிறார் சிறைகளை 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடியது. எல்லோருக்கும் முன்னால் மாசசூசெட்ஸ் இருக்கிறது. 1969-இல் அங்கே சிறார் துறைக்குத் தலைவராக வந்த ஜெரோம் மில்லர் முதலில் சீர்திருத்தப் பள்ளிகளைச் சீர்திருத்தத்தான் பார்த்தார். முடியவில்லை. 1972 வாக்கில் ஒவ்வொன்றாக மூடினார். 1848-இல் திறந்த லைமன் பள்ளியின் பையன்களைக் கார்களில் ஏற்றிக்கொண்டுபோய் ஆம்ஹெர்ஸ்ட்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களோடு தங்கவைத்தார். எனக்குப் பிடித்த காட்சி அது. ஆனால் ஹார்வார்ட் ஆய்வாளர்கள் பிறகு பார்த்தபோது, பள்ளிகளை மூடியதனால் மட்டும் பையன்கள் திருந்திவிடவில்லை. மாற்று ஏற்பாடுகள் நிறையவும் பலவகையாகவும் இருந்த வட்டாரங்களில்தான் நல்ல பலன் தெரிந்தது. மற்ற இடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது பூட்டைத் திறப்பது ஒரு வேலை, அறையைத் திறப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் பணமில்லை என்று கைவிரிக்கிற அரசாங்கத்தைக் கற்பனை செய்ய எனக்கு அதிகம் சிரமமில்லை.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் என் அம்மாவின் வலது கை இருக்கிறது.

2014-இல் பாசார் மாலாம் போய்விட்டுத் திரும்பும்போது மோட்டாரில் வந்த இரண்டு பையன்கள் அம்மாவின் சங்கிலியை அறுத்தார்கள். தாலியும் அதில்தான் இருந்தது. அம்மா சங்கிலியை விடாமல் பிடித்திருந்ததால் கொஞ்ச தூரம் இழுபட்டார். முழங்கை இரண்டு இடத்தில் உடைந்தது. இன்றைக்கும் அந்தக் கை நேராக நீளாது, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எட்டாது. பிறகு வேறொரு வழக்கில் ஒருவன் அகப்பட்டான். வயது 16. அடையாளம் காட்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் எட்டு வருடமாக ‘பிள்ளைகளை அடைத்துவைக்கக் கூடாது’ என்று பேசித் திரிந்தவன். அன்று அந்தப் பையனைப் பார்த்தபோது அவனை எங்காவது அடைத்து, சாவியைக் கிள்ளான் ஆற்றில் எறிய வேண்டும் என்று இருந்தது. அவன் அப்பா ஜாகாவா, அவன் உட்கார ஓர் அறை இருந்ததா என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

வரும் வழியில் அம்மா சொன்னார்: ‘அவன உள்ள போட்டா என் கை நேராவுமா? வெளிய வுட்டாலும் நேராவாது. போடட்டும் உள்ள.’

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. பணத்தைத் திருப்பிவிட வேண்டும் என்று எழுதுகிற பலர் என் அம்மா மாதிரி ஆட்களைப் பழிவாங்கத் துடிப்பவர்களாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தனக்கு நடந்தது தவறு என்று ஊர் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அம்மா கேட்டார். நம்மிடம் அதைச் சொல்லத் தெரிந்த ஒரே முறை பூட்டு. அந்தப் பூட்டிலிருந்து அம்மாவுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். சங்கிலி வரவில்லை, எலும்பு மருத்துவரின் பில்லை நான்தான் கட்டினேன், அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எவ்வளவு காலம் உள்ளே இருந்தான் என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பெயரைச் சொல்லித்தான் அந்தப் பணம் செலவாகிறது. அம்மாவுக்கு அதில் ஒரு காசு இல்லை.

இழுத்து எலும்பை உடைத்தவனைக் கொஞ்ச காலம் தனியே வைக்கத்தான் வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஓஹாயோக்காரர்களும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய திட்டத்தை ஆராய்ந்த சின்சினாட்டி பல்கலைக்கழகத்தார் கண்ட விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அபாயம் குறைந்த பிள்ளைகளைக் கடுமையான இடங்களில் போட்டபோது அவர்கள் முன்பைவிட மோசமாகிறார்கள். கையை உடைத்தவனுக்காகக் கட்டிய இடத்தில், மின்விசிறியைச் சரிசெய்தவனைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். ‘சமூகத்துக்கிட்ட காசு குடுக்கணுமா? எந்தச் சமூகம்? நம்ம ஆளுங்ககிட்டயா?’ அவர் எதை நினைத்துக் கேட்டார் என்று மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டதும், அந்தப் பணம் போன வழியை ஊழல் தடுப்பு ஆணையம் துருவியதும், கைதுகள் நடந்ததும் நாம் பத்திரிகையில் படித்தவை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் அறையை மூடியது அரசாங்கம் இல்லை. நம் ஆட்கள், கையெழுத்துப்போட்டு, காப்பி குடித்துக்கொண்டே மூடினார்கள். சமூகம் என்ற சொல்லுக்குள் அந்தச் செயற்குழுவும் இருக்கிறது, மோட்டார் பட்டறையும் இருக்கிறது. பட்டறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பையனுக்குத் தினமும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் பிஸ்கட்டை நிறுத்தியிருந்தோம்.

ஆகவே, பணத்தைச் ‘சமூகத்திடம்’ கொடு என்று என்னால் சும்மா சொல்ல முடியாது. தலைவருக்கோ விழாவுக்கோ இல்லாமல், மணிநேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வேன். இந்த அடுக்குமாடியில் இத்தனை பிள்ளைகள், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, இந்த ஆள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. சமூகநலத்துறை அந்தக் கட்டிலுக்கு எப்படிச் சலிக்காமல் பட்டியல் போட்டு அரிசி வாங்குகிறதோ அதே சலிப்பூட்டும் முறையில். யாருடைய நல்ல மனத்தையும் நம்பாமல். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2009-இல் அறை போனபோது நான் இரண்டு நாள் கோபப்பட்டேன், மூன்றாம் நாள் மாலையில் வீட்டுக்குச் சீக்கிரம் போக முடிந்தது நிம்மதியாக இருந்தது.

பையன் இரண்டு வருடம் கழித்து வந்தான். நல்ல உயரம். அங்கே யாரும் தன்னை அடித்ததாகச் சொல்லவில்லை. சாப்பாடு பரவாயில்லையாம், கொஞ்சம் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்தான். தகப்பன் சொன்னது அத்தனையும் நடந்திருந்தது. தேநீர்க்கடையில் எனக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான். என்னவெல்லாம் கிடைத்தது என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னான்: ‘இப்ப ஜொகூரு, பினாங்கு, கே.எல்., எங்க போனாலும் நமக்கு ஆள் இருக்கு சார்.’

கடிதத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவிடம் பேசுகிறாயா என்று கேட்டேன். ‘அவரு நைட் ஷிப்டு’ என்றான்.

அந்த அம்மா போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார். கடிதம் இல்லை என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கென்ன உரிமை? அவர் காலை 6.30-க்கு வீட்டை விட்டால் இரவு 8 ஆகும். கணவர் இல்லை. மகன் ஒன்றரைக்குப் பள்ளி முடிந்து வருகிறான். வாசலில் யாரோ ஒருவன் புது மோட்டாரில் வந்து ஹாரன் அடிக்கிறானாம். கடிதத்தை மறுத்துவிட்டு நான் அவருக்குக் கொடுக்கப்போவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் உதாரணமா?

ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். ஒன்றரையிலிருந்து எட்டு வரை ஆறரை மணிநேரம். வாரத்துக்கு ஐந்து நாள், முப்பத்திரண்டரை. திங்களும் வியாழனும் என்னால் மாலை 6-க்கு வீட்டில் இருக்க முடியும். பையன் வரட்டும், படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்காரட்டும் என்றேன். நாலு மணிநேரம். புதன்கிழமை பக்கத்து மாடியில் கராத்தே வகுப்பு இருக்கிறது, மாதம் 50 வெள்ளி, அதை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். இன்னும் இரண்டு. நன்னடத்தை அதிகாரியிடம் கூடவே போய், கட்டில் வேண்டாம், வேறு என்ன தர முடியும் என்று கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

அவர் தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினார். ‘மிச்சம் இருபத்தாறரை தம்பி’ என்றார்.